வழிபட்டோர் சென்ற பின்

ஓசூரைக் கடந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழகத்தின் எல்லை முடிந்து கர்நாடகம் தொடங்குமிடத்தில் இருக்கிறது அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே கடைவாசலில் கேட்கும். சுற்றிலும் தொழிற்கூடங்கள் பெருகப் பெருக, பிழைப்புத் தேடி வந்தவர்களும் பெருகினர். வந்தவர்கள் தங்கள் தெய்வத்தையும் உடன் கொண்டு வந்தனர். ஆதலால் இப்பகுதியில் வழிபாட்டுக்கு இடம் தேடுவது அன்றாடக் காட்சி. கடைக்கு மேலுள்ள மாடி அறை ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடமாகிறது. வாடகை வீட்டின் முன்கூடம் வெள்ளிக்கிழமை பஜனைக்கூடமாகிறது. தகரக் கொட்டகை ஒன்று வாரத்தில் ஆறு நாள் சரக்கறையாகவும் ஏழாம் நாள் ஆலயமாகவும் இருக்கிறது. குடியிருப்பும் கடையும் இங்கே கோயிலாக மாறிக்கொண்டிருக்கின்றன.

உலகின் மறுபுறத்தில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. கோயில்கள் அங்கே குடியிருப்புகளாகவும் கடைகளாகவும் மாறுகின்றன. இங்கிலாந்துத் திருச்சபை 1968ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் ஒன்றின்படி, வழிபடுவோர் அற்றுப்போன தேவாலயங்களை முறைப்படி மூடும் ஏற்பாடு 1969இல் நடைமுறைக்கு வந்தது. அதுமுதல் மூடப்பட்டவை ஏறக்குறைய இரண்டாயிரம். இவற்றுள் கலைச்சிறப்பும் தொன்மையும் மிக்க 350க்கும் மேற்பட்டவற்றை அதற்கென அமைந்த ஓர் அறக்கட்டளை பேணிக் காக்கிறது. மற்றவற்றுள் சில இடிக்கப்பட்டன. பல, வீடுகளாயின, அலுவலகங்களாயின, இசை அரங்குகளாயின, வேறு சபையாரின் ஆலயங்களாயின. பிரிஸ்டல் நகரில் ஒரு தேவாலயத்தின் உட்சுவர்களில் இளைஞர்கள் கயிறு கட்டிப் பாறையேற்றம் பழகுகின்றனர். அத்தகைய ஆலயங்களைக் குறிக்க அச்சட்டம் முதலில் கையாண்ட ஆங்கிலச் சொல், ஆலைகளில் ஆட்குறைப்புச் செய்யும்போது ‘இனி இவர் தேவையில்லை’ என்று கூறப் பயன்படும் அதே சொல்லாகும். அது செவிக்கு இதமாக இல்லை என்று உணர்ந்தோ என்னவோ, பிற்காலத்தில் ‘மூடப்பட்ட ஆலயம்’ என்று மாற்றிக்கொண்டனர். பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை. இறைவனுக்கென்று ஒருமுறை கொடுக்கப்பட்ட இடத்தில், அவனை வழிபடுவோர் எவரும் இல்லாதபோது, மனிதர் குடிபுகலாமா?

இக்கேள்விக்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. கல் கல்தான், சுண்ணாம்பு சுண்ணாம்புதான். பயனற்றுக் கிடப்பதைப் பயனுடையதாக்குவதில் குற்றமென்ன என்பது ஒன்று. கொடுத்ததைத் திரும்ப எடுப்பது களவு; அதிலும் கடவுளுக்குக் கொடுத்ததை எடுப்பது பெருங்களவு என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் உறுதியாகவே சொல்கின்றனர். ஆயினும் முதல் விடையைச் சொல்பவரும், தாம் திருமணம் செய்துகொண்ட ஆலயத்தின் பலிபீடம் இருந்த இடத்தில் சமையலறை மேடை அமைந்திருப்பதைக் காண நேரிட்டால் ஒரு கணம் தயங்குவார். இரண்டாம் விடையைச் சொல்பவரும், கூரையற்ற ஆலயத்துக்குள் ஆடு மேய்வதைக் கண்டால், இதைவிட யாரேனும் குடியிருந்திருக்கலாமே என்று எண்ணுவார். அந்தத் தயக்கமும் எண்ணமும் எங்கிருந்து வருகின்றன என்பதே ஆராயத்தக்கது.

கிறிஸ்தவ மரபைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் கோயில் என்றொரு கட்டடமே இல்லை. சபை என்று இன்று தமிழில் வழங்கும் சொல்லின் மூலமான கிரேக்கச் சொல், கூடியிருக்கும் மக்களையே குறித்தது. ஏறத்தாழ முதல் மூன்று நூற்றாண்டுகள் அம்மக்கள் வீடுகளில் கூடினர். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்பஸ் என்னும் பாழ்நகரம் உண்டு. கி.பி. 256ஆம் ஆண்டளவில் போரில் அழிந்து மண்மூடிப்போன அந்நகரை 20ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தபோது, ஒரு சாதாரண வீடு வெளிப்பட்டது. அதில் இரு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை நீக்கி ஒரே கூடமாக்கியிருந்தனர். மற்றோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டியும் சுவரோவியங்களும் இருந்தன. உலகில் இன்று அறியப்பட்ட மிகப் பழைய கிறிஸ்தவ வழிபாட்டிடங்களுள் ஒன்று இவ்வாறு ஒருவருடைய வீடாக இருந்தது. அத்திபெலேயின் மாடி அறைகளுக்கு இது தூரத்து உறவு எனலாம். வீடு ஆலயமானபோது எவரும் மனம் கூசவில்லை. ஆலயம் வீடாகும்போது மட்டும் ஏன் கூச வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதைப் புறந்தள்ள இயலாது.

ஆனால் காலப்போக்கில் கட்டடத்துக்கே ஒரு திருநிலை வந்து சேர்ந்தது. ஆயர் அதை அபிஷேகம் செய்தார். சுவர்களில் எண்ணெய் பூசினார். இறந்தோர் அதன் தரைக்கடியில் அடக்கம் செய்யப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைக்குப் பெயரிட்டதும், மாலை மாற்றியதும், பிணத்தைக் கிடத்தி அழுததும் அதே கூரையின் கீழ் நடந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1222ஆம் விதி இதை மனத்திற்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஆலயம் இனி எவ்வகையிலும் வழிபாட்டுக்குப் பயன்படாது, செப்பனிடவும் வழியில்லை என்னும் நிலையில், ஆயர் அதை உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம். ஆனால் அப்பயன்பாடு இழிவானதாக இருத்தல் கூடாது. வேறு தக்க காரணங்களுக்காக மூடுவதாயின், அவ்வாலயத்தில் உரிமை கொண்டாடத்தக்கவர்களின் இசைவும் வேண்டும். 2018 நவம்பரில் ரோமாபுரியில் இதற்கெனவே ஒரு மாநாடு கூடிற்று. கடவுள் இனி இங்கே வசிப்பதில்லையா என்று கேட்பதாக அதற்குப் பெயரிட்டிருந்தனர். பண்பாட்டுப் பணிக்கோ சமூகப் பணிக்கோ கட்டடத்தைக் கொடுப்பது நன்று. ஆதாய நோக்குடைய வணிகம் தவிர்க்கப்பட வேண்டும். கலைமதிப்புக் குறைந்தவை குடியிருப்புகளாகலாம் என்ற போக்கில் அதன் வழிகாட்டுதல் அமைந்தது.

இழிவு எது என்பதை மட்டும் எந்த விதியாலும் முழுமையாக வரையறுக்க முடிவதில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1294இல் அர்ப்பணிக்கப்பட்ட டொமினிக்கன் துறவியர் ஆலயம், 1794இல் பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றிய பின் வழிபாட்டை இழந்தது. பிறகு கிடங்காக இருந்தது. ஒரு காலத்தில் மிதிவண்டிகள் நிறுத்தும் கொட்டிலாகவும் இருந்தது. 2006இல் அது புத்தகக் கடையாயிற்று. உயர்ந்த வளைவுகளின் கீழ் அடுக்கடுக்காக நூல்கள். பாடகர் குழு நின்ற இடத்தில் சிலுவை வடிவ மேசையைச் சுற்றி அமர்ந்து மக்கள் காப்பி அருந்துகின்றனர். கல்வியைப் போற்றிய துறவியரின் கூடத்தில் புத்தகம் விற்பது பொருந்தாதது என்று எவரும் சொல்லார். இதற்கு எதிரில் டப்ளின் நகரின் தூய மரியாள் ஆலயத்தை வைத்துப் பார்க்கலாம். ஜான் வெஸ்லி அயர்லாந்தில் முதன்முதலாகப் பிரசங்கம் செய்தது 1747இல் அங்கேதான். குடியின் தீமையைக் கண்டித்து அவர் இயக்கத்தார் பேசியது உலகறிந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கட்டடம் மதுக்கூடமாயிற்று. அதன் பெயரே ‘தேவாலயம்’ என்பதுதான். மது வடிப்பில் பெரும்பொருள் ஈட்டிய ஆர்தர் கின்னஸ் 1761இல் மணமுடித்ததும் அதே ஆலயத்தில் என்பதைச் சேர்த்துச் சொன்னால், காலம் செய்யும் பரிகாசம் முழுமையாகும். சுவர்களும் வண்ணக் கண்ணாடிகளும் ஆர்கன் வாத்தியமும் அழகுறப் பேணப்படுகின்றன என்று அதை ஆதரிப்போர் சொல்வர். உண்மைதான். கட்டடம் காப்பாற்றப்பட்டது, அங்கே சொல்லப்பட்ட சொல் காப்பாற்றப்பட்டதா என்பது வேறு கேள்வி.

நம் நாட்டு மரபு இதே சிக்கலை வேறு வழியில் அணுகியிருக்கிறது. திருக்கோயிலைப் பழுதுபார்க்கத் தொடங்குமுன், மூலவரிடத்துள்ள தெய்வ ஆற்றலை மந்திரபூர்வமாகக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் அமைத்து, அங்கே பூசையைத் தொடர்வர். கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். திருப்பணி முடிந்து குடமுழுக்கு நிகழும்வரை கருவறையில் சிற்பி உளியுடன் நிற்கலாம். கொத்தனார் சாரம் கட்டலாம். புனிதம் கல்லில் உறைகிறது என்று கருதும் மரபே, அது கல்லிலிருந்து பெயரக்கூடியது என்பதையும் ஒப்புக்கொண்டு அதற்கொரு சடங்கையும் வகுத்திருக்கிறது. இங்கிலாந்தில் ஆலயத்தை மூடுமுன் நடத்தும் இறுதி ஆராதனையும், திருவிருந்துப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மக்கள் வெளியேறுவதும் இதற்கு நெருங்கிய ஒன்றே. விடைபெறாமல் வெளியேறுவதும் விடைபெற்று வெளியேறுவதும் ஒன்றாகா.

விடைபெறாமல் விட்ட இடத்தின் கதைக்கு அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூர் சான்றாகும். அங்கே சோழர் காலத்துச் சிவாலயம் ஒன்று பூசையின்றிப் பாழாகி, மண்மேடாகக் கிடந்தது. 1976இல் அங்கே தற்செயலாகக் கிடைத்த நடராசர் செப்புத்திருமேனி கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றது. அதை மீட்க இந்திய அரசும் தமிழக அரசும் அங்கே வழக்காடியபோது, வாதிகளுள் ஒருவராகக் கோயிலே நின்றது. வழிபாடு இல்லாத, இடிந்துபோன கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டா என்று எதிர்த்தரப்பு கேட்டது. கோயிலை எடுப்பித்தவரின் அறநோக்கம் இன்னும் அழியவில்லை, எஞ்சி நின்ற சிவலிங்கமே அதன் வடிவம் என்ற அடிப்படையில் 1988இல் தீர்ப்பு வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை ஏற்றது. அவ்வாண்டே நடராசர் தாயகம் திரும்பினார். தன் நாட்டு ஆலயங்களை மூடி விற்பதற்குச் சட்டம் செய்துகொண்ட ஒரு தேசத்தின் நீதிமன்றம், மண்ணுக்குள் புதைந்த ஒரு தமிழ்க் கோயில் இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போர், எதனால் ஒன்றில் உரிமை முடிகிறது, மற்றொன்றில் முடியவில்லை என்று கேட்பது இயல்பு.

விடையின் ஒரு பகுதி, மக்கள் எவ்வாறு சென்றனர் என்பதில் இருக்கிறது. பயன்படாத ஆலயம் என்று பொதுப்படச் சொல்லும்போது இது மறைந்துவிடுகிறது. தாமாக வரமறந்து போனார்களா, துரத்தப்பட்டார்களா, வெள்ளம் வந்து கொண்டுபோயிற்றா என்பதைக் கேட்காமல், அக்கட்டடத்தை என்ன செய்யலாம் என்று முடிவு செய்ய முடியாது.

கொச்சியை 1663இல் டச்சுக்காரர் கைப்பற்றியபோது, அங்கிருந்த போர்த்துகீசியக் கத்தோலிக்க ஆலயங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. சாந்தா குரூஸ் பேராலயம் தப்பியவற்றுள் ஒன்று. தப்பியதும் படைக்கலக் கொட்டிலாகத்தான். 1795இல் வந்த ஆங்கிலேயர் அதையும் தகர்த்தனர். இன்று கோட்டைக் கொச்சியில் நிற்பது பின்னாளில் கட்டி 1905இல் அர்ப்பணிக்கப்பட்டது. பழைய ஆலயத்தின் தூண் ஒன்று அதன் வளாகத்தில் நிற்கிறது. டச்சுக்காரர் வெளிக்கு எந்தக் கல்லையும் மாற்றாமலே பயன்பாட்டை மாற்றினர். ஆனால் அங்கே வழிபட்டோர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தனர். இதே போர்த்துகீசியர் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைத் தகர்த்ததையும், அதன் கற்கள் கோட்டைக்குப் போனதையும் மறந்துவிட்டு கொச்சிக்காக மட்டும் கண்ணீர் வடிப்பது நேர்மையாகாது. கான்ஸ்டாண்டிநோபிளின் ஹாகியா சோபியா 537 முதல் ஆலயம், 1453 முதல் மசூதி, 1935 முதல் அருங்காட்சியகம், 2020 முதல் மீண்டும் மசூதி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தரப்பு கொண்டாடிற்று, மற்றொரு தரப்பு துயருற்றது. வென்றவன் முடிவு செய்யும் இடத்தில் அறம் பற்றிய விவாதத்துக்குப் பெரிதாக வேலையில்லை.

கோவாவின் கதை சற்று வேறு. பழைய கோவாவின் குன்றின்மேல் அகுஸ்தீன் துறவியர் எழுப்பிய பேராலயம், 1835இல் போர்த்துகீசிய அரசே துறவியர் சபைகளைத் தடைசெய்து வெளியேற்றியபோது ஆளற்றுப்போயிற்று. 1842இல் கூரை வளைவு சரிந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் விழுந்தன. அந்த இடிபாட்டை வீடாக்கவோ கடையாக்கவோ எவரும் முனையவில்லை. அதில் புதைந்திருந்த எலும்புகளுள், 1624இல் பாரசீகத்தில் உயிர்த்தியாகம் செய்த ஜார்ஜிய அரசி கெதேவானுடையவையும் இருந்தன. அகழ்வாய்வில் கிடைத்தவற்றை ஹைதராபாத்தில் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்தி, 2021இல் இந்திய அரசு ஜார்ஜிய நாட்டிடம் ஒப்படைத்தது. அந்த மேட்டைச் சமன்செய்து மாளிகை கட்டியிருந்தால் ஒரு தேசம் தன் புனிதையை இழந்திருக்கும். ஆலயத்தை வீடாக்குவோர் முதலில் எண்ண வேண்டியது தரைக்கு மேலுள்ளதையன்று, தரைக்குக் கீழுள்ளதை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கர்நாடகத்திலேயே ஹாசன் அருகில் ஷெட்டிஹள்ளி என்னுமிடத்தில் ஒரு ஜெபமாலை அன்னை ஆலயம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிமார் கட்டியது. ஹேமாவதி ஆற்றின் குறுக்கே கொரூர் அணை எழும்பியபோது ஊர் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் சென்றது. மக்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். மழைக்காலத்தில் அவ்வாலயம் பாதி மூழ்கி நிற்கும். கோடையில் நீர் வற்றியதும் வெளிப்படும். இப்போது சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கக் கூடுகின்றனர். மணக்கோலத்தில் புதுத் தம்பதியர் வந்து நிற்கின்றனர். ஊரார் நம்பிக்கை இழந்ததால் அவ்வாலயம் ஆளற்றுப் போகவில்லை. பலருடைய வயலுக்கு நீர் வேண்டும் என்பதற்காக அவர்கள் தம் வீட்டையும் ஆலயத்தையும் கல்லறைகளையும் விட்டு எழுந்தனர். அங்கே வந்து படம் எடுப்போர் அதை அறிந்திருந்தால் சற்றுத் தணிந்த குரலில் பேசக்கூடும்.

இவையெல்லாம் வலிந்து நேர்ந்தவை. ஆனால் ஐரோப்பாவில் இன்று நடப்பது பெரும்பாலும் வலிந்ததன்று. ஒரு தலைமுறை வந்தது, அதன் பிள்ளைகள் எப்போதாவது வந்தனர், பேரப்பிள்ளைகள் வரவில்லை. வேல்ஸ் நாடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சுரங்கத் தொழிலாளரும் குடியானவரும் காசுகாசாகச் சேர்த்துக் கட்டிய சிறு ஆலயங்கள் அந்நாட்டுத் தெருக்கள்தோறும் உள்ளன. அவற்றுள் பல வீடுகளாகிவிட்டன. அந்த ஆலயங்களின் காணிக்கைகொண்டே 1841இல் தாமஸ் ஜோன்ஸ் காசி மலைக்குச் சிரபுஞ்சிக்கு வந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிசோ மலைகளுக்கும் வேல்ஸ் ஊழியர் வந்தனர். இன்று மிசோரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இடம் கிடைப்பது அரிது. மிசோ சபையார் இந்நூற்றாண்டில் தம் ஊழியர்களை வேல்ஸுக்கு அனுப்பியிருக்கின்றனர். காணிக்கை போட்ட சுரங்கத் தொழிலாளி, தன் ஊர்ச் சிற்றாலயத்தில் இன்று யாரோ படுக்கையறை அமைத்திருப்பதை அறிந்தால் வருந்துவான். தன் காசு ஐஸ்வாலில் கூரையாக நிற்பதை அறிந்தால் என்ன சொல்வானோ!

இத்தகைய ஆலயத்தை விற்கும்போது யாரிடம் விற்பது என்பதில்தான் மனித மனம் தன் உள்ளிருப்பை வெளிக்காட்டிவிடுகிறது. இலண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் 1970இல் சுவாமிநாராயண் மந்திர் திறக்கப்பட்டது. மேற்கு ஈலிங்கில் ஈழத்தமிழர் அமைத்த ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் ஆலயமும் முன்பு கிறிஸ்தவ வழிபாட்டிடமாயிருந்த கட்டடத்தில் தொடங்கியதே. அத்தெருவின் பெயர் இன்றும் ‘சேப்பல் ரோடு’தான். போரில் ஊரையும் உறவையும் இழந்து சென்றவர்கள் குளிர்நாட்டில் தம் அம்மனுக்கு ஒரு கூரை தேடினர். கூரை இருந்தவர்களிடம் வழிபடுவோர் இல்லை. கோடையில் அங்கே தேரோடும்போது பல்லாயிரவர் திரள்கின்றனர். பிரிக் லேனில் உள்ள ஒரு கட்டடம் இன்னும் விந்தையானது. பிரான்சிலிருந்து மதத்துன்பத்துக்கு அஞ்சி ஓடிவந்த புராட்டஸ்டண்டுகள் 1743இல் அதைக் கட்டினர். 1819இல் மெதடிஸ்டுகள் வந்தனர். 1898இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர் அதைத் தொழுகைக்கூடமாக்கினர். 1976 முதல் வங்கதேச முஸ்லிம்களின் மசூதி. வந்தவர்களெல்லாம் அகதிகளோ ஏழைகளோதான்.

சபையார் பலர், தம் பழைய ஆலயம் மதுக்கூடமானால் முகம் சுளித்துவிட்டுப் போய்விடுகின்றனர். வேறு மதத்தாரின் ஆலயமானால் கொதித்தெழுகின்றனர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் கப்பர்நகூம் ஆலயத்தில் வழிபாடு நின்று ஆண்டுகள் பல சென்றபின் ஒரு முஸ்லிம் சங்கம் அதை வாங்கியபோது பெரும் வாதம் எழுந்தது. அதற்குமுன் அது யார் கையில், எதற்காக இருந்தது என்று அவ்வளவு பேர் கவலைப்படவில்லை. மண்டியிடுவோர் மீண்டும் மண்டியிடுவதைவிட மது அருந்துவோர் அருந்துவதே மேல் என்று கருதும் மனம், இறைவனுக்காகப் பரிகிறதா தன் குலத்துக்காகப் பரிகிறதா என்பது ஐயத்துக்குரியது. மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நம்பிக்கையாளனுக்கு எல்லா வழிபாடும் ஒன்றல்ல. தன் தகப்பன் கட்டிய பீடத்தில் தான் உண்மையென்று ஏற்காத ஒன்று அறிவிக்கப்படுவது அவனுக்கு மெய்யான வேதனை. அதைக் குறுகிய மனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது; தன் ஊர்க்கோயிலுக்கு அதே நிலை வந்தால் தான் என்ன செய்வான் என்று தள்ளுபவன் முதலில் எண்ணிப் பார்க்கட்டும். தமிழகத்தில் ஒருகாலப் பூசையும் நடவாமல், அறநிலையத்துறையின் திட்டத்தால் ஒருவேளை விளக்கேனும் எரியும் கோயில்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அக்கிரகாரம் காலியாயிற்று, குடியானவர் நகரம் போயினர், கோயில் நிற்கிறது. அவற்றுள் ஒன்றை வேறு மதத்தாருக்கு விற்கலாமா என்று கேட்டால் எழும் குரல், ஹாம்பர்க்கில் எழுந்த குரலினின்றும் வேறுபட்டதாயிராது. இந்தியச் சட்டம் இந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. 1991ஆம் ஆண்டு வழிபாட்டிடங்கள் சட்டம், ஒரு சமயத்தாரின் வழிபாட்டிடத்தை வேறு சமயத்தாரின் வழிபாட்டிடமாக மாற்றுவதைத் தடை செய்கிறது. அயோத்திக்கு அதில் விலக்கு உண்டு. நம்முடைய வரலாற்றை நோக்கினால் அத்தடையின் காரணம் விளங்கும்.

எனினும் பாழ்பட்ட ஆலயம் வேறு பணிக்கு வந்து நல்ல பயன் விளைந்த கதை தமிழரிடத்தே உண்டு. அது இருநூறாண்டுப் பழமை வாய்ந்தது. யாழ்ப்பாணத்தில் போர்த்துகீசியர் கட்டிய ஆலயங்களை 1658க்குப் பின் டச்சுக்காரர் தம் சபைக்கு மாற்றிக்கொண்டனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர், டச்சுச் சபை மெலிந்தது, கூரைகள் விழுந்தன. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்திறங்கியபோது அரசு அவர்களுக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கொடுத்தவை இத்தகைய பாழடைந்த ஆலயங்களும் குருமனைகளுமே. அவர்கள் அவற்றைச் செப்பனிட்டு, குடியிருந்து, பள்ளி நடத்தினர். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி தோன்றிற்று. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. மதமாற்றமே நிறுவியோரின் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சைவர்கள் அதை எதிர்த்து எழுந்ததும் வரலாறு. 1855இல் செமினறி மூடப்பட்டது. ஆயின் அதில் பயின்றவர்களுள் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். மற்றவரான கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவரே. தாமோதரம் பிள்ளை பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பினார். கறையான் அரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். போர்த்துகீசியர் எழுப்பி, டச்சுக்காரர் மாற்றி, ஆங்கிலேயர் கைவிட்டு, அமெரிக்கர் கூரையிட்ட ஒரு வளாகத்திலிருந்து சங்க இலக்கியத்தைக் காத்தவர் வந்தார். கட்டியவர் எவரும் இதைக் கருதிக் கட்டவில்லை. மறு உயிர் கொடுத்தவரும் இதைக் கருதிக் கொடுக்கவில்லை. செப்பனிடப்பட்ட வட்டுக்கோட்டை ஆலயமோ மீண்டும் ஆலயமாயிற்று. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்துக்கு அதுவே பேராலயம்.

இதைக்கொண்டு, எந்த மாற்றமும் நன்மையில் முடியும் என்று சொல்லிவிட முடியாது. வட்டுக்கோட்டையில் வந்தவர்கள் அங்கிருந்த எவரையும் வெளியேற்றவில்லை. பாழைப் பாழாக விடாமல் பலர் வந்துபோகும் இடமாக்கினர். ஆலயத்தை வீடாக்கும்போது இது பெரும்பாலும் நேர்வதில்லை. ஊருக்கெல்லாம் திறந்திருந்த கதவு ஒரு குடும்பத்துக்கு மட்டும் திறப்பதாகிறது. வேற்றூரிலிருந்து தன் பாட்டன் பெயர் பொறித்த கல்லைக் காண வருபவன் அழைப்புமணியை அழுத்திவிட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. வீடற்றோருக்குச் சிறு குடியிருப்புகளாக ஓர் ஆலயத்தைப் பிரித்துக் கொடுப்பதற்கும், வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைக் காட்டி அதிக விலைக்கு மாளிகையாக விற்பதற்கும் உள்ள வேறுபாடு, விதிநூலில் சிறியது. காணிக்கை போட்ட கைகளின் நோக்கில் பெரிது. கலைமதிப்பை அளக்க வல்லுநர் வருகின்றனர். மண்ணின் விலையை அளக்கவும் வருகின்றனர். அக்கைகளின் நோக்கத்தை அளக்க ஒருவரும் வருவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் கடைசியாக எஞ்சிய அந்தப் பத்துப் பதினைந்து முதியோர். அவர்களை உட்காரவைத்துக் கேட்காமல் எடுக்கும் முடிவு, சட்டப்படி சரியாக இருந்தாலும், அவசர முடிவே.

அத்திபெலேயில் வாடகை ஒப்பந்தம் முடிந்து கட்டட உரிமையாளர் இடத்தைக் கேட்டால், மாடி அறைச் சபையார் அதிகம் பேசுவதில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாயைச் சுருட்டுகின்றனர். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். ஒலிபெருக்கியையும் மேசையையும் இருவர் படியிறக்கிச் சரக்கு ஆட்டோவில் ஏற்றுகின்றனர். சுவரில் ஒட்டிய வசனத் தாளை ஒரு சிறுமி கிழியாமல் உரித்தெடுக்கிறாள். மறுவாரம் அந்த அறையில் தையல் இயந்திரங்கள் வந்திறங்குகின்றன. சபையார் அதற்குள் இரண்டு தெரு தள்ளி, கூரை சற்றுத் தாழ்ந்த வேறோர் இடத்தில் சுண்ணாம்படித்துக்கொண்டிருக்கின்றனர்.